கால்மானத்தில் சேராத நேரம்

செவ்வாய், பௌர்ணமிக்கு மறுநாள்.

நேற்று ஒன்றாகக் கிளம்பி அவரவர் நடையில் கிரிவலம் முடித்த எங்கள் ஏழு பேரின் நேரத்தையும் மகள் கவிதா பள்ளிக் கணக்குக்காக வரிசைப்படுத்தினாள்: மூன்று மணி, மூன்றரை, மூன்றேமுக்கால், நான்கு, நாலேகால், நாலரை, ஏழு.

"வரிசையில கீழ்க் கால் பங்கையும் மேல் கால் பங்கையும் ஒதுக்கிட்டா, கால்மானம் மூன்றரை, நாலரைப்பா. வித்தியாசம் ஒரு மணி நேரந்தான். பரவல் கம்மி."

நாலரை நான். ஏழு என் மனைவி. எட்டு லிங்கத்திலும் வெகுநேரம் நின்றாளாம். முன்பெல்லாம் அப்படி நின்றதில்லை. என்ன வேண்டுதல் என்றால், "சும்மாதாங்க" என்கிறாள்.

"அம்மாவுக்குப் பத்து மணி நேரம் ஆயிருந்தா?"

"அப்பவும் இதே விடைதான்பா."

நானும் போட்டுப் பார்த்தேன். விடை மாறவில்லை. அப்படியென்றால் ராஜகோபுரத்தடியில் மனைவிக்காக இரண்டரை மணி நேரம் நான் தவித்து நின்றது இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது? புரியவில்லை.

என் மனைவியும் இன்னும் தூங்கவில்லை.