பாதித் தானியம் வாங்கிய பெண்கள்

அன்புள்ள என் வாலுப் பெண்ணுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது, மனசைக் கேட்காதே. நீ போன ஊரில் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. சித்தி போன வாரம் வந்தாள், உன் பழைய துணியையெல்லாம் யாருக்காவது கொடுத்துத் தொலையேன் என்றாள், அலமாரியைத் திறந்து அப்படியே மூடிவிட்டேன். இன்னும் இரண்டு பேருக்குத்தான் சமைக்க வருகிறது, மறுநாளும் அதையே சுடவைத்துச் சாப்பிடுகிறேன்.

அகராதி வேலையில் ஒரு சண்டை. துருக்கிப் பக்கத்துப் பழைய அனத்தோலிய மொழியில் ஒரு சொல், இரண்டே களிமண் பலகைகளில்தான் கிடைத்திருக்கிறது. ஒன்று, மாவரைக்கும் பெண்களுக்குத் தானியம் அளந்த கணக்கு. சில பெயர்களுக்குப் பின்னால் மட்டும் அந்தச் சொல், அவர்களுக்குப் பாதித் தானியம். ஆனால் அரைத்துக் கொடுக்கவேண்டிய மாவு எல்லாருக்கும் ஒரே அளவு. எங்கள் தலைவர் அதற்கு 'உதவிப் பணியாளர்' என்று பொருள் எழுதச் சொன்னார். வருஷக்கணக்காக நிரந்தரம் செய்யாமல் எங்களுக்கு அவர் கொடுத்திருக்கும் பட்டமும் அதுதான். கேட்க ஆளில்லாதவளுக்குத்தானே பாதி அளப்பார்கள் என்று நான் அதற்குப் பதில் 'நாதியற்றவள்' என்று எழுதி நீட்டினேன். படித்துச் சிரித்தார். வீட்ல தனியா இருக்கீங்க மேடம், உங்களுக்கு எதைப் படிச்சாலும் அப்படித்தான் தெரியும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

அவர் வாயை அடைக்கத்தான் இரண்டாவது பலகையை மறுபடி எடுத்தேன். அதிலும் பாதித் தானியம், அதே சொல், ஒரு பெண்ணின் பெயர், பக்கத்திலேயே அவள் புருஷன் பெயர், மகன்கள் பெயர். எத்தனை தடவை படித்திருப்பேன், கண்ணில் பட்டும் புத்தியில் ஏறவில்லை. அவள் நாதியற்றவள் இல்லையடி. நான்தான்.

மறுநாள் போய், நான் எழுதினது தப்பு என்றேன். அப்ப என்னோடதையே போட்டுடலாமே என்றார். உங்களோடதும் தப்பு சார், முழு வேலையும் வாங்கிட்டு உதவின்னா எப்படி என்றேன். 'பொருள் தெரியவில்லை, முழு வேலைக்குப் பாதித் தானியம் பெற்ற பெண்களின் பெயரோடு வருகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரத்துல இதெல்லாம் தேவையா, யோசிங்க என்று தாளைத் திருப்பித் தள்ளினார். ஒரு எழுத்தையும் அடிக்காமல் அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன். மாசக் கடைசியில் தெரியும். வேலை போனால் சண்டை போடக்கூட ஆள் இருக்காது, அதுதான் பயம்.

இதற்காக அடித்துப்பிடித்துக் கிளம்பி வராதே. ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீ போகிற இடமெல்லாம் நல்ல மனுஷர்களாகவே உனக்கு வாய்க்கட்டும். ஒன்றே ஒன்று, போனில் நல்லாருக்கேம்மா என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே. என்ன சாப்பிட்டாய், யாரோடு சாப்பிட்டாய் என்று சொல். அந்த ஒரு சொல்லுக்கு நானாக ஒரு பொருள் வைத்துக்கொள்ள இப்போது தைரியம் இல்லை.

உன் வழி பார்க்கும்,
அம்மா