பன்னிரண்டுக்கு எட்டு

என் மகளின் ஞானத்தாயே,

நேற்று உன் கட்டிலோரம் உட்கார்ந்து மழையைப் பற்றியும் மரவள்ளி விலையைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நான் சொல்ல வந்தது அதுவல்ல.

கருவாரு சந்தையில் என் கடையில் தொங்கும் சீட்டு உனக்குத் தெரியும். சுகாதார நிலையத்தில் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தது: பன்னிரண்டுக்கு எட்டு, அதாவது நூற்றிருபதுக்கு எண்பது, ஒரு குறையும் இல்லாத அளவு. அதைக் காட்டித்தான் எலுமிச்சைப் புல்லைக் கூவி விற்றேன். "புனிதப் புல்லும்மா! காலையில ஒரு கிளாஸ் டீ குடிங்க, பிரஷர் ஓடியே போயிடும்!" ஊரே அதற்குப் புனிதப் புல் என்று பேர் வைத்திருக்கும்போது யார் சந்தேகப்படுவார்கள்?

"அப்போ மாத்திரை எதுக்குடி? தூக்கிப் போட்டுடவா?" என்று நீ கேட்ட அன்று, கடையைச் சுற்றி ஆறேழு பேர் நின்றிருந்தார்கள்.

"புனிதப் புல்லையே நம்ப மாட்டியாடி நீ?" என்று சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள்.

இப்போது உன் வலது கை எழவில்லை. நேற்று நர்ஸ் உன்னைத் திட்டினாள்: "மாத்திரையை நிறுத்தச் சொன்னது யாரு?" நீ என்னைப் பார்க்கவே இல்லை. கோணிய வாயால், "யாரும் சொல்லல. நானாத்தான்," என்றாய். நான் பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சீட்டு வாங்கிய அன்றும் நான் மாத்திரை போட்டிருந்தேன். பத்து வருடமாகப் போடுகிறேன். டப்பா புல்கட்டுகளுக்கு அடியில்தான் இருக்கிறது.

சீட்டைக் கிழித்துவிட்டேன். இதை எழுத உட்காரும் முன்பும் என் மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டேன்.

உன் தோழி என்று எழுதக் கை கூசும்
புல்காரி