சோதிரின் குழியில் பெட்ரோல் வாடை

1944 ஏப்ரல் 5
எல்லாவற்றையும் நான் முன்பே சொல்லிவிட்டேன். எங்கள் ஊர் ப்ளோயெஷ்ட்டில் எண்ணெய் இருக்கும்வரை அமெரிக்க விமானங்கள் வந்தே தீரும் என்று சாராயக்கடையில் சத்தம் போட்டுச் சொன்னேன். சிரித்தார்கள். இன்று வந்தன. ஆயிரம் விமானம். சரி, நூறு இருக்கும். சுத்திகரிப்பு ஆலைகளைக் குறிவைத்தார்களாம். ரயிலடிப் பக்கம் வீடுகளையே காணோம்.

நான் நடுங்கவில்லை. போர்வைக்குள் தலையை நுழைத்துக்கொண்டது குளிருக்காகத்தான்.

ஒன்றுதான் பொறுக்கவில்லை. அபாயச் சங்கு ஊதியதும் தெருவே எதிர்வீட்டுச் சோதிரின் பதுங்குகுழிக்குள் ஓடியது. கான்கிரீட்டாம், தண்டவாளக் கூரையாம், உட்கார பெஞ்சாம்! தையல்காரி சாஃப்தாவும் அங்கேதான் போனாள். புருஷனை இழந்தவள், தனியாக இருக்கிறவள். என் நிலவறைக்கு என்ன குறை? முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய் நாலு இருக்கிறது, அவ்வளவுதானே?

ஏப்ரல் 16, ஈஸ்டர்
வழக்கம்போல் சிவப்புச் சாயம் போட்ட அவித்த முட்டைகளை மோதினோம், எவன் முட்டை உடைகிறதோ அவன் தோற்றான். என் முட்டையைச் சோதிர் ஒரே தட்டில் உடைத்தான். முட்டைக்குள் மெழுகு ஊற்றியிருப்பான், சத்தியம். சாஃப்தா விழுந்து விழுந்து சிரித்தாள்.
“தோத்துட்டீங்களே, அண்ணே!”
அவனைச் சோதிரு என்கிறாள். எனக்கு மட்டும் அண்ணே. எனக்கும் அவனுக்கும் ஒரு வயதுதான் வித்தியாசம். சரி, ஏழு.

மே 6
நேற்றும் குண்டு. குழிக்குள் சோதிர் அக்கார்டியன் வாசித்தானாம். சாஃப்தா பாடினாளாம். குண்டு விழும்போது பாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது?

மே 11
இன்று ஒரு வேலை செய்தேன்.

சோதிர் குழியைப் பெருக்கிக்கொண்டிருந்தான். தெருக்காரர்கள் சுற்றி நின்றார்கள். உள்ளே இறங்கினேன், மூச்சை இழுத்தேன், முகத்தைச் சுளித்தேன்.
“பெட்ரோல் வாடைடா. கீழ ஆலைச் சாக்கடை போகுது. ஒரு பொறி விழுந்தா எல்லாரும் வறுவல்தான்.”
சோதிர் துடைப்பத்தை ஓங்கினான். “இந்த ஊர்ல கிணத்துத் தண்ணியே பெட்ரோல் வாடைதான் அடிக்குது! இத மட்டும் உன் மூக்கு தனியாப் புடிச்சிதாக்கும்?”
“முப்பது வருஷம் ஆலையில எண்ணெய் டாங்க் கழுவுன மூக்கு இது!”

எல்லாரும் மோந்து பார்த்தார்கள். ஊரே அதே வாடையில் கிடக்கும்போது எவனுக்கு என்ன தெரியும்? சாஃப்தா என்னைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள்.
“வாடை தெரிஞ்சவர் சொல்றாரு. நான் அண்ணன் வீட்டு நிலவறைக்கே வரேன்.”

பீப்பாய்களை ஓரமாகத் தள்ளினேன். மெத்தையும் போட்டாயிற்று.

மே 31
மறுபடி சங்கு. தெரு முழுவதும் என் நிலவறையில்! என் போர்க்கதைகளை வாயைப் பிளந்து கேட்டார்கள். சாஃப்தா மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோதிர் தன் குழியை விட்டு வரமாட்டானாம். கிடக்கட்டும்.

ஜூன் 24
எழுத வரவில்லை.
குண்டு விழுந்து ஆலை டாங்க் உடைந்து, எரிகிற எண்ணெய் சாக்கடையோடு ஓடி வந்தது. நேராகச் சோதிரின் குழிக்குள்! அபாயம் நீங்கிய சங்குகூட ஊதவில்லை — சாஃப்தா கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். கத்தினேன், நிற்கவில்லை. சோதிரை இழுத்து வந்தாள். அவன் இரண்டு கையும் வெந்திருந்தது. நானும் இழுத்தேன், வாசலிலிருந்து.
எனக்காக அவள் அப்படி ஓடுவாளா?

ஜூன் 27
அவன் வீடு எரிந்துபோனது. ஆஸ்பத்திரியில் இடமில்லை. எங்கே படுக்க வைத்தார்கள்? என் கட்டிலில்! சாஃப்தா தினமும் என் வீட்டுக்கு வருகிறாள். நான் ஆசைப்பட்டது இதுதானே? வந்து, என் கரண்டியால் அவனுக்குச் சோளக்களி ஊட்டுகிறாள்.

தெருவில் போனால் பெண்கள் என் கையைப் பிடித்து முத்தமிடுகிறார்கள். “உங்க மூக்கு இல்லன்னா எங்க புள்ளைங்க இல்ல.” மீசையை முறுக்கிக்கொண்டுதான் வந்தேன்.

ஆகஸ்ட் 16
ஞாயிற்றுக்கிழமை சாஃப்தாவுக்கும் சோதிருக்கும் கல்யாணம், விமானம் வராவிட்டால். ஞானத்தந்தையாக, மெழுகுவர்த்தி பிடித்து மணமக்கள் பக்கத்தில் நான் நிற்க வேண்டுமாம். சோதிர் கண்ணில் தண்ணீர். “உன்னப் பொறாமக்காரன்னு நெனச்சேன்டா. எல்லாரையும் காப்பாத்திட்டே.”

பீடத்தின் முன் நான் பிடிக்கப்போகும் மெழுகுவர்த்தியில் சாஃப்தா திருநீற்றுப்பச்சிலை கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கொத்தை என் மூக்கருகே நீட்டினாள்.
“எப்படி மணக்குது பாருங்க, அண்ணே!”
“ஆமாம்மா, நல்ல வாசனை” என்றேன்.

டாங்க் கழுவிக் கழுவி என் மூக்கு செத்துப் பல வருஷமாகிறது. அன்று அந்தக் குழியில் எனக்கு ஒரு வாடையும் வரவில்லை.