தேனீக்கள் நாக்கு நீட்டாத நாள்

நிலவுத் தென்முனை நிலையம்
முதல் நாள், காலை 9.30

இதை எழுதுவது தாசையன். வயது அறுபத்தாறு. ஊரில் மார்த்தாண்டம் பக்கம் கிணறு வெட்டிக்கொண்டிருந்தேன். இங்கே பனிச்சுரங்கம் வெட்டுகிறேன். அறுபது தாண்டியவர்களைத்தான் இங்கே அனுப்புகிறார்கள். கதிர்வீச்சு நோயாக முற்றுவதற்கு இருபது வருடம் ஆகும், அதற்குள் எங்களுக்கு வேறு ஏதாவது வந்துவிடும் என்று கணக்கு.

நான் சொந்தமாக எழுதும் முதல் பதிவு இது. எழுத்துச் சொல்லித் தந்தவர் டாக்டர் மங்கையர்க்கரசி. பள்ளத்தின் மறுபக்கத்தில் உள்ள அலைவாங்கியைப் பழுது பார்க்க இன்று அதிகாலையில் வண்டியில் கிளம்பினார். நாளை மாலை திரும்புவார். அதுவரை பதிவேடு என் கையில். 'ழ' எழுதும்போது பேனா ஒரு வளைவு கீழே போய்த் திரும்பி வருகிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது. மெதுவாகத்தான் எழுதுகிறேன். பரவாயில்லை.

தேனீ அறை. பன்னிரண்டு தேனீக்கள், பன்னிரண்டு சிறு கண்ணாடிக் குழல்களில், தலை மட்டும் வெளியே. இவைதான் நிலையத்தின் மூக்கு. குளிர்க்குழாய்த் திரவம் கசிந்தால் அதன் ஆவி மனிதனுக்கு மணக்காது. கருவியும் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கும். தேனீக்கு உடனே மணக்கும். அந்த மணத்தோடு சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து டாக்டர் பழக்கியிருக்கிறார். மணம் வந்தால் நாக்கை நீட்டும். நாக்கு நீண்டால் மணி அடிக்கும்.

ஒவ்வொரு தேனீயின் மூளையிலும் முடியைவிட மெல்லிய கம்பி உண்டு. திரையில் பார்த்தால், மூளையின் முன்பக்கம் சின்னச் சின்ன உருண்டைகள் கொத்தாக இருக்கும். எலுமிச்சைக்குச் சில உருண்டைகள் ஒளிரும், புகைக்கு வேறு சில. ஒரே மணம் வெகுநேரம் இருந்தால் ஒளி மங்கிவிடும். மாறுவதற்குத்தான் மூளை எழுந்து உட்காரும் என்பார் டாக்டர்.

காலைச் சோதனைக்காக மணியை அணைத்துவிட்டு ஆவிக் குப்பியைக் கையில் எடுத்தேன். மூடியைத் திறக்கும் முன்பே பன்னிரண்டு நாக்கும் நீண்டுவிட்டன. என்ன அவசரம் இவற்றுக்கு. சர்க்கரை கொடுத்தேன். நாக்குகள் உள்ளே போனதும் மணியைத் திரும்பப் போட்டேன். எல்லாம் நலம்.

முதல் நாள், மாலை 5.45

பொறியாளர் ஜெபமணி என் பதிவைப் படம் பிடித்து டாக்டருக்கு அனுப்பினார். அவரும் எங்கள் ஊர்ப்பக்கம், தக்கலை. துணைக்கோள் தலைக்கு மேல் வரும்போது மட்டும்தான் வண்டியோடு பேச முடியும். இன்று பேசியது:

"அண்ணே, படிச்சேன். 'கதிர்வீச்சு' எழுதியிருக்கீங்க பாருங்க, என் மாணவங்களே அதுல தப்பு விடுவாங்க."

"டாக்டர், இனி இவரு எனக்க மேல புகார் எழுதப் போறாரு."

"எழுதட்டும் ஜெபமணி. கழுவாத காபிக் கப்புல இருந்து ஆரம்பிக்கட்டும்."

பேச்சு முடிந்ததும் ஜெபமணி தம் பெட்டியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்து வந்தார். காயவைத்த மட்டிப் பழம், எங்கள் ஊர் வாழை, அவர் மனைவி கொடுத்துவிட்டது. நல்ல நாளுக்கென்று வைத்திருந்தாராம். என் எழுத்துதான் அந்த நல்ல நாள். நிலையத்தில் சூடான இடம் தேனீ அறைதான், அங்கே உட்கார்ந்து பிரித்தோம். அறை முழுக்க ஊர் மணம்.

திரையில் தேனீக்களின் மூளையில் இடது ஓரம் எரிகிறது. கம்பிக் கோளாறு, காலையில் பார்க்கலாம் என்றார் ஜெபமணி. அவருக்குத் தலை கனக்கிறதாம். படுக்கப் போய்விட்டார்.

இரண்டாம் நாள், காலை 8.40

சோதனை. குப்பியைத் திறந்து காட்டினேன். ஒரு நாக்கும் நீளவில்லை. சர்க்கரையைத் தொட்டுக் காட்டினேன். அப்போதும் இல்லை. பன்னிரண்டும் கொடுக்கை அசைக்கின்றன. திரையில் அதே இடது ஓரம்.

ஜெபமணியை எழுப்பினேன். சிரித்தார். மீண்டும் உறங்கிவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது.

இரண்டாம் நாள், பகல் 12.50

சுரங்கத்துக்குள் இருந்து கையுறையோடு எழுதுகிறேன். எழுத்துக் கோணல். காத்திருக்கும் நேரத்தில் எழுதிவைக்க வேண்டியது இருக்கிறது. பதினோரு மணிக்குத் துணைக்கோள் வந்தபோது பேசியது:

"எந்தப் பக்கம் எரியுதுன்னு சொன்னீங்க?"

"இடது ஓரம் டாக்டரம்மா. எல்லாத்துக்கும் ஒரே இடந்தான்."

"அது அபாய மணம்ணே. ஒரு தேனீ கொட்டினா அதோட கொடுக்குல இருந்து வரும், மத்ததைச் சண்டைக்குக் கூப்பிட. அங்க எப்படி... என்ன மென்னுக்கிட்டே பேசறீங்க?"

"மட்டிப் பழம். நான் எழுதினதுக்கு ஜெபமணி குடுத்தாரு."

"எங்க வச்சுப் பிரிச்சீங்க?"

"தேனீ அறையில. அங்கதானே சூடு."

"ஐயோ அண்ணே. வாழைப்பழ வாசமும் அந்த மணமும் தேனீ மூளைக்கு ஒண்ணுதான். சண்டைக்கு நிக்கிற தேனீ சர்க்கரைக்குக்கூட நாக்க நீட்டாது. நேத்து சாயந்திரத்துல இருந்து நமக்கு மூக்கே இல்ல. ஜெபமணி எங்க?"

"உறங்குதாரு. எழுப்பினா சிரிக்காரு."

"உங்களுக்கு எப்படி இருக்கு?"

"சந்தோசமாட்டு இருக்கு."

"எப்ப இருந்து?"

"எழுத ஆரம்பிச்சதுல இருந்து."



"அண்ணே, அந்த ஆவி முதல்ல சந்தோஷத்தத்தான் குடுக்கும். அப்புறம் தூக்கம். அதுக்கப்புறம் எழுப்ப முடியாது. உடனே விண்ணுடுப்பை மாட்டுங்க. உங்க வாயில இருக்கிற பழவாசமும் உள்ளயே அடைஞ்சுரும். தேனீங்களையும் ஜெபமணியையும் சுரங்கத்துக்குக் கொண்டு போங்க, அங்க காத்து தனி. சண்டை அடங்கினதும் தேனீங்களை அறை அறையா கொண்டு போங்க. நாக்கு எங்க நீளுதோ அங்க வால்வை மூடுங்க. நான் கிளம்பி..."

துணைக்கோள் மறைந்துவிட்டது. அடுத்து வருவதற்குள் டாக்டரே வந்துவிடுவார்.

விண்ணுடுப்பு மூன்று. ஒன்று டாக்டர் அணிந்திருக்கிறார். ஒன்றை ஜெபமணி பழுதுக்குப் பிரித்துப் போட்டிருக்கிறார். மூன்றாவது என்மேல் இருக்கிறது. ஜெபமணியை இழுத்து வந்து பனிச்சுவர் ஓரம் படுக்கவைத்திருக்கிறேன். இங்கே அவருக்கு நல்ல காற்று. தேனீப் பெட்டியும் அதன் திரையும் பக்கத்தில். இடது ஓரம் மெல்ல அணைகிறது. பன்னிரண்டில் ஏழு அடங்கத் தொடங்கிவிட்டன.

1.25

எல்லாம் அடங்கின. பெட்டியைத் தூக்கினேன். ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. பன்னிரண்டு நாக்கும் நீண்டன.

இங்கேதான். சுரங்கத்தில்தான் கசிவு. நல்ல காற்று என்று நான் அவரைக் கொண்டுவந்து போட்ட இடத்தில்.

2.10

வால்வு பனியில் இறுகிவிட்டது. சுத்தியலால் அடித்தும் திரும்பவில்லை. சுரங்கக் கதவை அடைத்துவிட்டு ஜெபமணியைத் தேனீ அறைக்குத் தூக்கி வந்தேன். அங்கேயும் நாக்கு நீண்டது. சமையலறை, நீண்டது. படுக்கையறை, நீண்டது. சுரங்கக் கதவு திறந்தபோதெல்லாம் ஆவி வெளியே வந்து எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஜெபமணியின் மூச்சு விட்டுவிட்டு வருகிறது. உதடு நீலம்.

விண்ணுடுப்பைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டேன். அதற்குள் உள்ள காற்று இரவு வரை போதும். தலைக்கவசத்துக்குள் குறட்டை கேட்கிறது. நல்ல குறட்டை.

2.50

டாக்டர் வந்ததும் முதல் வேலையாகத் தலைக்கவசத்தைக் கழற்றுவார். வாசல் காற்றறையிலேயே கழற்றிவிடுவார், தலை அரிக்கும் என்பார். கழற்றி உள்ளே வந்தால் எங்களைப் பார்த்ததும் தூக்கத்தான் ஓடுவார். பிறகு மூன்று பேரும் சிரித்துக்கொண்டே கிடப்போம்.

அவரோடு பேச வழியில்லை. ஆனால் எழுதலாம்.

காற்றறையின் உள்கதவில், அவர் கண்ணுக்கு நேராக, பனிச்சுவரில் குறிபோடும் சிவப்புச் சாயத்தால் எழுதினேன். ஒவ்வொரு எழுத்தும் என் கை அகலம்.

தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். ஆவி எங்கும் இருக்கிறது. ஜெபமணி உயிரோடு இருக்கிறார். சுரங்கத்து வால்வு. தாசையன்.

'ழ' மட்டும் இரண்டு முறை எழுதினேன். முதல் தடவை சுழி கீழே சரிந்துவிட்டது. துடைத்துவிட்டுச் சரியாக எழுதினேன். அவசரத்தில் அவர் தவறாகப் படித்துவிடக் கூடாது.

3.15

தேனீக்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கின்றன. மணி அடிக்கிறது. எனக்கு ஒரு மணமும் வரவில்லை.

மிகுந்த சந்தோஷமாக இருக்கிறது. இது ஆவியுடையதா, என்னுடையதா. நேற்றுக் காலை முதல் வரி எழுதும்போதே இருந்தது, அதனால் என்னுடையது என்று நினைத்தேன்.

பக்கத்தைத் திருப்பி என் எழுத்தை நானே படித்தேன். குப்பியைத் திறக்கும் முன்பே நாக்கு நீண்டது என்று எழுதியிருக்கிறேன். அவசரம் என்று சிரித்திருக்கிறேன். அப்படியானால் நேற்றுக் காலையிலேயே ஆவி. முதல் வரியிலேயே

இல்லை.

போன மாதம் என் பெயரை எழுதினேன். தாசையன். டாக்டர் கை தட்டினார். அன்று நான் காட்டிய குப்பிக்குத்தான் நாக்கு நீண்டது, அதற்கு முன்பு இல்லை. அன்றும் இதே சந்தோஷம். இதே அளவு. டாக்டர் பக்கத்தில் நின்றார். அவரைக் கே