வண்டி கத்திக்கணுமாம்

பிப்ரவரி 4

வண்டி மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிகிறது. ஒரு குழாய்ப் பெட்டி, அதற்குள்ளே எள்ளைத் தூவினது மாதிரி புள்ளிகள். பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. என்ன கேடு என்று எழுதிக் காட்டித் தொலைக்கக் கூடாதா? படம் போட்டுக் காட்டுகிறது.

தோப்பில் பிக்கப் வண்டியில் இளநீர் ஏற்றி மண்டியில் இறக்கிவிட்டு வந்தேன். வாசலில் மாமா நின்றிருந்தார். நான் கதவைத் திறப்பதற்குள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, சாவியைத் திருப்பி, வண்டியை அமத்திவிட்டார். என்றைக்கும் இதேதான். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடினால் என் மாமனார் காளிச்சாமிக்கு உடம்பே பதறும். டீசல் எரிகிறதாம்.

விளக்கைப் பற்றிச் சொன்னேன். பொம்பளை ஓட்டுகிற வண்டி அப்படித்தான் இருக்கும் என்றார். சொல்லிவிட்டு டிப்ஸ்டிக்கை உருவி எண்ணெய் பார்த்தார். அதில் மட்டும் அவருக்கு ஏகப் பெருமை. "பாரு அம்மிணி, எண்ணெ சொட்டுக் குறையல. ஏறியிருக்குது. எஞ்சின் அப்பேர்ப்பட்ட எஞ்சின்."

எண்ணெய் எப்படி ஏறும்? கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் பொம்பளை என்பார்.

பிப்ரவரி 5

விளக்கு எரிகிறது. கஞ்சி குடித்தேன், லோடு அடித்தேன், விளக்கு எரிகிறது.

பிப்ரவரி 8

இன்றைக்கு நடந்த கூத்தை எழுதினால்தான் தூக்கம் வரும்.

வாய்க்கால் மேட்டில் லோடோடு ஏறும்போது வண்டி இழுக்கவில்லை. மிதித்தால் மிதித்தபடி கிடக்கிறது, வண்டி மட்டும் சினை எருமை மாதிரி நகர்கிறது. மஞ்சளோடு இன்னொரு விளக்கும் சேர்ந்துகொண்டது. பின்னால் வந்த டிராக்டர்காரன் ஹாரன் அடித்தான், எட்டிப் பார்த்தான், பொம்பளை என்றதும் சிரித்தான். சீ.

எப்படியோ உருட்டிக்கொண்டு வீடு வந்து, சர்வீஸ் சென்டரில் இருக்கும் ரிஜினுக்குப் போன் போட்டேன். அவன் மலையாளத்தில் சொன்னான்: "கரி நிறஞ்சு போயி சேச்சி. இனி அது கத்திக்கணும்." அதற்குள் இன்னொரு வாடிக்கையாளர் கூப்பிட, வைத்துவிட்டான்.

நான் உடுமலைப் பக்கத்துப் பெண். கல்யாணமாகிப் பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டிக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டது ரேஷன் கடை மலையாளம், பஞ்சாயத்து ஆபீஸ் மலையாளம். வண்டி கத்திக்கணும் என்றால்? கத்தணும். தன்னால் தொண்டை கிழியக் கத்தி, அடைத்திருக்கிற கரியைத் துப்பணும். எனக்கு அப்படித்தான் பட்டது. நியாயமாகவும் பட்டது.

மரத்தடியில் நியூட்ரலில் நிறுத்தி, ஆக்சிலேட்டரை அழுத்திப் பிடித்தேன். கத்தியது. ஐயோ, என்ன கத்து! கோழியெல்லாம் மாட்டுக் கொட்டத்துக்குள்ளே ஓடின. இன்னும் கத்தட்டும் என்று மிதித்தேன். அப்புறம்தான் நாற்றம். வண்டிக்கு அடியில் காய்ந்த தென்னை ஓலை கிடந்திருக்கிறது, சைலன்சர் சூட்டில் அது புகைந்து, ஒரு ஓரத்தில் தீயே பிடித்துவிட்டது. மாமா ஓடி வந்து சாவியைத் திருப்பினார். அத்தை மாட்டுத் தொட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். என் மேலும் பாதி.

இவர் கட்டிலில் படுத்தபடியே கேட்டார். முதுகெலும்பில் டிஸ்க் விலகியதிலிருந்து என் வீட்டுக்காரர் பூபதிராஜா எல்லாவற்றையும் கட்டிலில் இருந்துதான் விசாரிக்கிறார். ரிஜின் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லச் சொன்னார். சொன்னேன். முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கத்திக்கணும்னா எரிக்கோணும்னு அர்த்தம். நீ வண்டியக் கத்த உட்டிருக்கற."

அடுப்போடு சேர்த்து அந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் எனக்கும் புரிந்திருக்கும். வண்டியோடு கேட்டேன். அதற்கு இவ்வளவு சிரிப்பா? உடம்பெல்லாம் தொட்டித் தண்ணீர் நாற்றம். குளித்தும் போகவில்லை.

பிப்ரவரி 9

குடும்ப வாட்ஸப் குரூப்பில் வந்துவிட்டது. கொழுந்தன் நவீன்குமார் கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு போட்டிருக்கிறான், "வண்டி கத்திக்கணுமாம்" என்று. கீழே வரிசையாகச் சிரிக்கிற மூஞ்சிகள். என் நாத்தனார் முறையாகும் ஒருத்தி, சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள், அவளும் ஒரு மூஞ்சி. அவனுக்கு இதைச் சொன்னது யார்? இந்த வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு போன் நோண்டுகிறவர் ஒருத்தர்தானே.

த்தூ.

பிப்ரவரி 11

வண்டியைச் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். மாமாவும் வந்தார். காவலுக்காம்.

கம்ப்யூட்டரைச் செருகி நின்ற இடத்திலேயே கரியை எரித்தார்கள். பின்னால் போய் நின்றால் முகம் கருகிவிடும் போல அனல். ஒரு மாதிரி இனிப்பும் கசப்புமான சூட்டு வாடை தொண்டையில் ஒட்டிக்கொண்டது. இந்த வாடையை நான் முன்பே வீட்டு வாசலில் முகர்ந்திருக்கிறேன். எப்போது? யோசித்துக்கொண்டே நின்றேன்.

அப்புறம் எண்ணெயை இறக்கினார்கள். எண்ணெயா அது? ரசம் மாதிரித் தண்ணியாக ஓடுகிறது, டீசல் வீச்சம் மூக்கில் ஏறுகிறது. மாமா பெருமைப்பட்ட எண்ணெய். சொட்டுக் குறையாமல் ஏறிய எண்ணெய். ஏறியது அத்தனையும் டீசல்.

ரிஜினைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் கேட்டேன். அவனுக்கு அலுப்பு. ஆனாலும் சொன்னான். புகையில் இருக்கும் கரியைப் பிடிக்க சைலன்சருக்கு முன்னால் ஒரு ஃபில்டர். நிறைந்தால் வண்டியே அதை எரிக்கப் பார்க்கும். எஞ்சின் நல்ல சூட்டில், ஒரே சீராக ஓடினால்தான் முடியும். எரிக்கிறதற்காகக் கொஞ்சம் டீசல் கூடுதலாக விடும், ஃபேன் சுற்றும், நின்றாலும் எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும். அப்போது வண்டியை நிறுத்தினால் பாதிக் கரி அங்கேயே தங்கிவிடும், எரியாத டீசல் எண்ணெயில் இறங்கிவிடும். "பகுதிக்கு வெச்சு ஓஃப் ஆக்கருது சேச்சி," என்றான். பாதியில் நிறுத்தக் கூடாதாம். இன்னொரு தடவை இப்படி அடைத்தால் கம்ப்யூட்டரும் உதவாது, ஃபில்டரையே மாற்ற வேண்டும். அதன் விலையைக் கேட்டதும் மாமா வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

பாதியில் நிறுத்துவது யார்? நானா? தோப்பு, பால் சொசைட்டி, மண்டி என்று சின்னச் சின்ன ஓட்டம். எஞ்சின் சூடாகி எரிக்க ஆரம்பிக்கிற நேரத்துக்கு வீடு வந்துவிடும். வாசலில் உறுமிக்கொண்டு நிற்கும். அந்த வாடை வரும்.

உடனே ஒரு கை ஜன்னலுக்குள்ளே வரும்.

பிப்ரவரி 12

சொன்னேன். பணிவாகத்தான் சொன்னேன். "மாமா, நான் வந்து நின்னதும் நீங்க வண்டிய அமத்தாதீங்க, அது கரிய எரிச்சுட்டிருக்கும்."

கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வைத்திருந்த காலத்திலிருந்து டீசல் பார்க்கிறாராம். நின்ற இடத்தில் ஓடுகிற எஞ்சினை அமத்தாதே என்று ஒருத்தி சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவையாம். போன வாரம் ஓலையை எரித்தவள், இந்த வாரம் கரியை எரிக்கிறாள் என்றார். அத்தை நாச்சம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

இவருக்குத் தெரியும், நான் சொல்வது சரி என்று. போனில் தேடிப் படித்துவிட்டார், நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. டிவியில் ஏதோ ஒரு சமையல். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா மேல்கூட எனக்கு இவ்வளவு அருவருப்பு இல்லை.

பிப்ரவரி 19

விளக்கு வந்துவிட்டது. வரும் என்று தெரியும். வீட்டுக்கு வரும் முன்பே வழியில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்து பார்த்தேன், தோப்பிலேயே ஓடவிட்டுப் பார்த்தேன். நின்ற இடத்தில் ஓடினால் சரியாக எரிவதில்லை. வாசலுக்கு வந்தால் அந்தக் கை.

நவீன்குமார் போன் செய்தான். எல்லாம் முடிவாகிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துப்போவானாம். கோவிந்தாபுரம் தாண்டி அவனுக்குத் தெரிந்த பட்டறை இருக்கிறதாம். ஃபில்டருக்குள் இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு வெறும் டப்பாவை மாட்டிவிடுவார்களாம். விளக்கே எரியாதாம். பிறகு வண்டியை ஒரு டிரைவரிடம் விட்டுவிடலாமாம். "உங்களுக்கும் ரெஸ்ட் அண்ணி."

ரெஸ்ட்!

அந்தக் கரிப்புகை சொசைட்டியில் பால் ஊற்ற நிற்கிறவர்கள் மூஞ்சியில் போகும், அது ஒரு அசிங்கம். ஆனால் எனக்கு வயிறு எரிவது அதற்கு மட்டும் இல்லை, பொய் எழுதுவானேன். அந்தச் சாவி போய்விட்டால் நான் மறுபடியும் அடுப்படி, மாட்டுச் சாணி, கட்டில் ஓரம். ஸ்டீரிங்கைப் பிடித்து உட்காரும் நேரத்தில்தான் இந்த வீட்டில் யாரும் என்னை எதற்கும் கூப்பிடுவதில்லை. அதைப் பிடுங்கிக்கொண்டு ரெஸ்ட் என்கிறான். விடமாட்டேன். எப்படி விடாமல் இருப்பது? அதுதான் தெரியவில்லை.

பிப்ரவரி 22

விளக்கை அணைத்துவிட்டேன்.

பாலக்காட்டில் உரம் வாங்க வேண்டும் என்று கிளம்பினேன். வீண் டீசல் என்று சொல்லிக்கொண்டே மாமாவும் ஏறி உட்கார்ந்தார். உரத்தை ஏற்றியதும் வீட்டுப் பக்கம் திருப்பாமல் வாளையார் நாலுவழிச் சாலையில் விட்டேன். எங்கே போகிறாய் என்றார். கரியை எரிக்க என்றேன். அதற்குப் பிறகு அவர் பேசியதை எழுதினால் காகிதம் நாறும்.

ஒரு கியர் குறைத்து, ஒரே சீராகப் பிடித்தேன். வெயில், எதிர்க்காற்று, பக்கத்தில் திட்டு. மலை கிட்டே வந்தபோது அந்த வாடை வந்தது. இப்போது எனக்கு அது நாற்றமாகத் தெரியவில்லை. ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து முன்னால் ஒரு லாரி பஞ்சர், போலீஸ் எல்லோரையும் ஓரம் கட்டினார். நிறுத்தினேன். எஞ்சின் உறுமியது, ஃபேன் ஊளையிட்டது. மாமாவின் கை கிளம்பியது. யோசித்துக் கிளம்பின கை இல்லை, பழக்கத்தில் வந்த கை.

மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

கல்யாணத்தன்று அவர் காலைத் தொட்டிருக்கிறேன். கையைத் தொட்டதே இல்லை. காய்ந்த மட்டை மாதிரி இருந்தது. இழுத்தார். விடவில்லை.

"கைய எடுங்க மாமா. எண்ணெய்ல டீசல எறக்குனது நானில்லீங்க. இந்தக் கைதானுங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சாவியைப் பார்த்தார். அன்றைக்கு இறக்கிய எண்ணெயை அவரும் தானே முகர்ந்தார். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வழி விட்டார்கள், ஓட்டினேன். வாளையார் வருவதற்குள் ஃபேன் அடங்கியது, உறுமல் அடங்கியது, விளக்கு போய்விட்டது. வண்டியை வீட்டுக்குத் திருப்பினேன். வாசலில் நானே அமத்தினேன்.

நாளைக்கு நவீன்குமார் வருகிறான். மாமனார் கையைப் பிடித்தவள் என்று வீட்டை விட்டே அனுப்பினாலும் அனுப்புவார்கள்.

பிப்ரவரி 23

கேவலம். கேவலத்திலும் கேவலம்.

நவீன்குமார் வந்தான், சாவி கேட்டான். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவனுக்குப் பாடம் நடத்தினார். ஃபில்டர் என்றால் என்ன, கரி எப்படி எரியும், எண்ணெய் ஏன் ஏறும், அத்தனையும். ரிஜின் சொன்னது, நான் சொன்னது, எல்லாம் இப்போது அவர் சொன்னது. "பாதியில அமத்தக் கூடாதுன்னு நாந்தான் அம்மிணிகிட்டத் தலபாடாச் சொன்னேன். உன்ர பட்டறைக்காரனுக்கு என்ன தெரியும்? ஒடைக்கறானாம் ஒடச்சு. வண்டி இங்கயே நிக்கட்டும்."

இவர் என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சிங்க் முன்னால் நின்று வாய்விட்டுத் திட்டினேன், தண்ணீரைத் திறந்துவிட்டு.

நவீன்குமார் பஸ்ஸில் போனான்.

பிப்ரவரி 24

நேற்று நீ ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று இவர் கேட்டார். நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 6

கம்பம்மெட்டில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் ஜோஜோ, தேங்காய் லோடு வேண்டும் என்று மாமாவுக்குப் போன் செய்திருந்தார். நீண்ட ஓட்டம், கடைசியில் மலை ஏற்றம். மாமா ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். நான் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டியை யார் கொண்டுவருவார்கள், மேட்டில் ஓட்டிப் பழக்கம் உண்டா என்று ஜோஜோ கேட்டார். மாமா சொன்னார்:

"எங்க டிரைவர் வருமுங்க. அதுக்குத் தெரியாதது ஒண்ணுமில்லீங்க."

மருமகள் என்று சொல்ல வாய் வரவில்லை பாருங்கள். சம்பளம் இல்லாத டிரைவர். பொம்பளை என்றும் சொல்லவில்லை, அங்கே போய் இறங்கும்போது அந்த ஆள் திகைக்கட்டும் என்று விட்டாரோ என்னவோ. எல்லாப் பெருமையையும் தானே விழுங்கிய மனுஷன் எனக்கு மிச்சம் வைத்தது அந்த ஒரு சொல்.

அது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் குமட்டுகிறது. சோப்புக் கையோடு நின்று, இன்னொரு தடவை சொல்வாரா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நாளை விடியும்போது கிளம்ப வேண்டும்.