உப்பு குறைந்த உருளைக்கிழங்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

ஞாயிறன்று உருளைக்கிழங்கைத் தோலோடு நீளவாக்கில் நறுக்கி, எண்ணெய், மிளகாய்த்தூள், பூண்டுத்தூள் போட்டுப் புரட்டி ஓவனில் வைத்தேன். ஆஸ்பத்திரி லேப் வேலை அலுப்பில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். புகைமணி அலறியதும் கட்டடமே தெருவுக்கு இறங்கிவிட்டது. பயப்படாதீர்கள், ஓரத்துத் துண்டுகள்தான் கருகின. மீதியைத் தட்டில் ஏந்திப்போய் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஒன்றைக் கடித்துப் பார்த்து, "உப்பு பத்தலையேடி பொண்ணே" என்றார். இங்கே வந்ததிலிருந்து என்னிடம் யாரும் இவ்வளவு உரிமையோடு குறை சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது. காரம்தான், வேறொன்றுமில்லை.

நீங்கள் திரிக்கும் மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். இரண்டு பேருக்குக் காணும்படி அனுப்புங்கள். அந்த அம்மாவை இனி அடிக்கடி சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். கதவைத் தட்டுகிறார், போகிறேன்.

உங்கள்
சின்னவள்