தோல் நீக்கிய விதைக்கடலை

விராலிமலைக்குக் கிழக்கே, கொல்லையிலிருந்து
22-5-1949

அன்புள்ள செங்கமலத்துக்கு,

நான் சுகம். நீயும் நம் மகள் பிரகதாம்பாளும் உன் அண்ணன் வீட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். இல்லையென்றாலும் இல்லையென்றே எழுது, திட்டமாட்டேன்.

சமஸ்தானம் போய், அரண்மனை உக்கிராணத்தில் அரிசியும் பருப்பும் அளந்துகொடுத்த என் வேலையும் போனபின், ஒரு வருஷம் புதுக்கோட்டைத் தெருக்களில் சும்மா நடந்தேன். இங்கே சும்மா இல்லை. இந்தப் புன்செய்க் கொல்லையின் மூன்று ஏக்கர் தரிசில் கல் பொறுக்கியே முதுகு கூனிவிட்டது. பக்கத்துக் கொல்லைக்கார மலையாண்டி, "மம்பட்டியைப் பேனா மாதிரில்ல புடிக்கிறீங்க" என்று சிரிக்கிறார். அவரை விட்டால் பேச வேறு ஆள் கிடையாது. மலையிலிருந்து இறங்கும் மயில் கத்தினால் நீதான் கூப்பிடுகிறாய் என்று இரண்டு முறை எழுந்து பார்த்துவிட்டேன். உன் குரல் அவ்வளவு மோசமில்லை, கோபித்துக்கொள்ளாதே.

ஆடிப் பட்டத்தில் நிலக்கடலை போடுகிறேன். பயிர் தலைகாட்டிய அன்றே உங்கள் இருவரையும் அழைத்துக்கொள்வேன். இது சத்தியம்.

உன்
ரத்தினவேல்


புதுக்கோட்டை
26-6-1949

அன்புள்ள அத்தானுக்கு, செங்கமலம் எழுதிக்கொண்டது.

விதைக்கென்று அண்ணன் இரண்டு மூட்டை கடலைக்காய் வாங்கித் தந்தார். காயாக அனுப்பினால் பஸ்ஸில் இடத்தை அடைக்கும் என்று நானும் பிரகதாவும் ஒன்பது நாள் உட்கார்ந்து உரித்தோம். உக்கிராணத்துக்குப் பருப்பு எப்படிப் போகவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? நீரில் நனைத்து, சிவப்புத் தோலையும் கசக்கி எடுத்து, கலகலவென்று வெயிலில் காயவைத்து அனுப்பியிருக்கிறேன். விரல் நுனியெல்லாம் வெடித்துவிட்டது. போகட்டும், இந்த நாலு மாதத்தில் எனக்கென்று நான் செய்த வேலை இது ஒன்றுதான்.

அண்ணி நல்லவள். ஆனாலும் சோறு போடும்போதெல்லாம், "ஒங்க வீட்டுக்காரரு எப்பக் கூப்பிடுவாரு?" என்று கேட்கிறாள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சீக்கிரம் விதையுங்கள்.

தங்கள்
செங்கமலம்


கொல்லையிலிருந்து
2-8-1949

அன்புள்ள செங்கமலத்துக்கு,

நீ அனுப்பிய பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தேன். மல்லிகை மொட்டுப்போல் இருந்தது. அரண்மனைக்கே இப்படி வந்ததில்லை. மலையாண்டி பொன்னமராவதிக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மனைவி மருதாயியிடம் ஏர்மாட்டை இரவல் வாங்கி நானே உழுது, ஆடி முதல் தேதி விதைத்துவிட்டேன்.

முளைத்துவிட்டது. பிரகதாவிடம் சொல்.

இப்போது வரவேண்டாம். இன்னும் கூரை வேயவில்லை.

ரத்தினவேல்


புதுக்கோட்டை
21-8-1949

அன்புள்ள அத்தானுக்கு,

முளைத்துவிட்டது என்ற ஒரு சொல்லை எத்தனை தடவை வாசித்தேன் என்று கேட்காதீர்கள். தெருவில் எல்லார் வீட்டுக்கும் சர்க்கரை கொடுத்தேன். "எங்க கொல்லையில கடலை மொளைச்சிருச்சு" என்று பிரகதா வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அன்று மட்டும் அண்ணி ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் பயிர் தலைகாட்டிய அன்றே அழைப்பேன் என்றீர்களே, கூரை எப்போது இடையில் வந்தது? நான் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். தினம் ஒரு சேலையை அதிலிருந்து எடுத்து உடுத்தி, துவைத்து, மறுபடி அதிலேயே வைக்கிறேன். வீடு நிறைய ஆள் இருக்கிறார்கள், அத்தான். எனக்குப் பேசத்தான் ஒருவருமில்லை.

தங்கள்
செங்கமலம்


கொல்லையிலிருந்து
14-9-1949

அன்புள்ள செங்கமலத்துக்கு,

கடலைச்செடி மஞ்சளாகப் பூத்திருக்கிறது. பூ உதிர்ந்ததும் அந்த இடத்திலிருந்து காம்பு ஒன்று இறங்கித் தானாகவே மண்ணுக்குள் போய்விடுகிறது. காய் வைப்பது அதில்தான். உனக்குக் காட்ட வேண்டும்.

ஆனால் இங்கே பாம்பு நடமாட்டம் அதிகம். மழைக்காலம் கழியட்டும். நீ பிடிவாதக்காரி, ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன், வராதே.

உன் கடிதங்களை மடிப்பில் கிழியும் அளவுக்குப் படித்தாயிற்று. புதிதாக ஒன்று எழுது.

ரத்தினவேல்


புதுக்கோட்டை
16-10-1949

அத்தானுக்கு,

புதிதாக எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

வியாழக்கிழமை மலையாண்டி ஒரு ஜோலியாகப் புதுக்கோட்டைக்கு வந்தவர், விலாசம் விசாரித்து வீட்டுக்கே வந்தார். மண் உதிராத பச்சைக்கடலை ஒரு படி கொண்டுவந்தார். "எங்க கொல்லைக் கடலையா?" என்று கேட்டேன். அவர் விழித்தார்.

"இல்லீங்க தாயி, இது என் கொல்லையில பறிச்சது. ஒங்க கொல்லையில ஒண்ணுகூட மொளைக்கலையே! நனைச்சுத் தோலை உரிச்ச பருப்பு எங்கிட்டு மொளைக்கும்? நான் ஊர்ல இருந்திருந்தா தடுத்திருப்பேன். அவரு என் கொல்லையிலதான் கூலிக்குக் களை வெட்டுனாரு. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

அண்ணி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

நீங்கள் எழுதிய பூவும் காம்பும் மலையாண்டி கொல்லையில் பார்த்தவை. நம் விதையைக் கெடுத்தது என் கை. அது எனக்குத் தெரியக்கூடாது என்றுதான் மறைத்தீர்கள். உங்கள் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அன்பு எனக்கு என்ன செய்தது தெரியுமா? நீங்கள் என்னை வேண்டாமென்று நினைத்துவிட்டீர்கள் என்று இரண்டு மாதமாக வெந்துகொண்டிருந்தேன். ஒன்றும் முளைக்கவில்லை, நீ வா என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன்.

புதன்கிழமை வருகிறேன். பாம்பைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். கல் பொறுக்க எனக்கும் கை இருக்கிறது. மலையாண்டி கொல்லையில் கூலி கொடுத்தால் அதற்கும் வருகிறேன்.

பிரகதாவை அழைத்து வரவில்லை. அங்கே பக்கத்தில் பள்ளிக்கூடம் கிடையாது. "புள்ளை படிப்பைக் கெடுக்காதே, அவளை என்கிட்ட விட்டுட்டுப் போ" என்றார் அண்ணன். அதற்குப் பதில் சொன்னவள் பிரகதாதான். "நீ போ ஆத்தா. இங்க எல்லாரும் இருக்காங்க. அப்பாவுக்குத்தான் யாருமில்லை" என்றாள். சொல்லிவிட்டுச் சாப்பிட வரவில்லை. ஒன்பது வயதுக்கு இவ்வளவு புத்தி ஆகாது.

இனி நீங்களும் நானும் சேர்ந்து அவளுக்குத்தான் கடிதம் எழுத வேண்டும். எங்களை எப்போது அழைத்துக்கொள்வீர்கள் என்று நான் கேட்டதைத்தான் முதல் கடிதத்திலேயே அவளும் கேட்பாள். அதற்கு என்ன எழுதுவது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வருகிறேன். நீங்களும் யோசித்து வையுங்கள். பொய்யாக மட்டும் வேண்டாம்.

செங்கமலம்